மாத்திரையா, சர்க்கரையா? நீரிழிவு மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனவா என்பது குறித்து

1. கேள்வி

என் பெரியம்மாவுக்குப் பதினாறு ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் வைத்திருப்பார். ஒருமுறை தலைவலி மாத்திரை தேடி அந்த டப்பாவைத் திறந்தேன். மெட்ஃபார்மின் அட்டைகள் அடுக்கடுக்காகப் பிரிக்கப்படாமல் இருந்தன. மாதம் தவறாமல் வாங்கியிருக்கிறார். ஏழெட்டு மாதமாக ஒன்றைக்கூட விழுங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “வாங்கலைன்னா நீங்கள்லாம் சத்தம் போடுவீங்க. சாப்பிட்டா கிட்னி போயிடும். நான் என்னதான் பண்றது?” என்றார்.

இந்த அச்சம் அவர் ஒருவருடையது அன்று. கல்யாணப் பந்தியிலும், பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும் இதே சொற்களைப் பலரும் கேட்டிருப்பார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அதை ஒருங்கிணைத்தது சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகாமல் தடுக்கும் ஆற்றல் இந்த அச்சத்துக்கு உண்டு. ஆகவே இதைக் கவனமாக ஆராய வேண்டியிருக்கிறது.

நீரிழிவு மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனவா? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மக்கள் நம்பிக்கையின் அடிப்படையையும், மருத்துவ வரலாறும் ஆய்வுகளும் தரும் சான்றுகளையும், புழக்கத்திலுள்ள மருந்துகள் ஒவ்வொன்றும் சிறுநீரகத்தோடு கொண்டுள்ள உறவையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

2. நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது?

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியாகாது. மக்கள் கண்ணால் கண்ட மூன்று நிகழ்வுகளிலிருந்து இந்த நம்பிக்கை உருவாகியிருக்கிறது.

முதலாவது, காலவரிசை. டயாலிசிஸுக்குப் போகும் நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டவர்கள். மாத்திரை முதலில் வந்தது, சிறுநீரகப் பழுது பிறகு வந்தது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போடுகிறது.

இரண்டாவது, மருத்துவரின் சொல். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியதும், “இந்த மாத்திரை இனி கிட்னிக்கு ஆகாது, நிறுத்திடுங்க” என்று மருத்துவரே சொல்கிறார். இத்தனை நாள் அது கெடுத்துக்கொண்டுதான் இருந்தது என்பதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம்போல நோயாளியின் காதில் விழுகிறது.

மூன்றாவது, சர்க்கரை தானாகக் குறைவது. சிலருக்கு நோய் முற்றிய நிலையில் மாத்திரையையோ இன்சுலினையோ குறைத்தாலும் சர்க்கரை ஏறுவதில்லை. “மருந்தை விட்டேன், சுகரே போயிடுச்சு” என்று அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வதைச் சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள்.

இம்மூன்றும் உண்மையான அனுபவங்கள். அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிவில்தான் பிழை இருக்கிறது. காலவரிசையில் மாத்திரைக்கும் முன்னால் நிற்பது சர்க்கரை. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. பிரிட்டனில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்நாளிலேயே ஏதேனும் ஒரு உறுப்புப் பாதிப்பின் அடையாளம் இருந்தது. சிறுநீரகத்தில் முதலில் நிகழும் மாற்றம், ஆல்புமின் என்ற புரதம் சிறிது சிறிதாகச் சிறுநீரில் கசிவது. அதில் வலியில்லை, வீக்கமில்லை. மாத்திரையை மட்டுமே கண்ணால் காண முடிகிறது. ஆகவே பழி அதன்மேல் விழுகிறது.

3. சான்றுகள்

மாத்திரைதான் காரணம் என்றால், மாத்திரை புழக்கத்துக்கு வராத காலத்தில் நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறுநீரகப் பழுது ஏற்பட்டிருக்கக் கூடாது. வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1936இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பால் கிம்மெல்ஸ்டீல், கிளிஃபர்ட் வில்சன் என்ற இரு மருத்துவர்கள், இறந்தவர்களின் சிறுநீரகங்களை நுண்நோக்கியில் பார்த்து, வடிகட்டும் நுண்குழல் முடிச்சுகளில் முண்டு முண்டாகப் படிந்திருந்த ஒரு தனித்த மாற்றத்தை விவரித்தார்கள். அது நீரிழிவோடு தொடர்புடையது என்பது பின்னர் உறுதிப்பட்டது. இன்றும் அந்த மாற்றம் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்கு முன் 1926இல் ஜெர்மனியில் சிந்தாலின் என்ற மாத்திரை சிறிது காலம் புழங்கிக் கைவிடப்பட்டது உண்மை. ஆனால் நீரிழிவுக்கு மாத்திரை பரவலாகக் கொடுக்கப்பட்டது 1950களின் நடுவிலிருந்துதான். மெட்ஃபார்மினை மனிதருக்குக் கொடுத்து பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் ஆய்வு வெளியிட்டது 1957இல். நோய் மருந்துக்கு மூத்தது.

இரண்டாவது சான்று முதல் வகை நீரிழிவிலிருந்து வருகிறது. 1993இல் முடிவு வெளியான அமெரிக்க–கனடிய ஆய்வில் 1,441 பேர் பங்கேற்றார்கள். அனைவருக்கும் சிகிச்சை இன்சுலின் மட்டுமே. ஒரு பிரிவினர் வழக்கமான முறையிலும், மறு பிரிவினர் சர்க்கரையை இயல்புக்கு அருகில் நிறுத்தும் தீவிர முறையிலும் அதைப் போட்டுக்கொண்டார்கள். தீவிரப் பிரிவில் ஆரம்ப நிலை ஆல்புமின் கசிவு 39 சதவீதமும், முற்றிய கசிவு 54 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகத்தின் கதியைத் தீர்மானித்தது சர்க்கரையின் அளவு.

மூன்றாவது சான்று மாத்திரைகளையே நேரடியாகச் சோதித்தது. 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 3,867 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு முதன்மையாக உணவுக் கட்டுப்பாடு. மறு பிரிவினருக்கு சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை அல்லது இன்சுலின். பத்தாண்டுகளில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை முறையே 7.9, 7.0 என நின்றது. மருந்துப் பிரிவில் நுண்குழல் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. பன்னிரண்டாம் ஆண்டில் ஆல்புமின் கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமானால், இந்த எண்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இச்சான்றுகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அந்த 25 சதவீத நன்மையின் பெரும்பகுதி கண் விழித்திரைக்கானது. முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு அந்த ஆய்வில் மிகச் சிலருக்கே நேர்ந்தது. சர்க்கரையை எவ்வளவு குறைத்தாலும் நல்லது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 10,251 பேரைக் கொண்ட அமெரிக்காவின் அக்கார்ட் ஆய்வில், மூன்று மாதச் சராசரியை 6க்குக் கீழே இறக்க முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. கட்டுப்பாடு தேவை, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

4. மருந்துகள் சிறுநீரகத்தைச் சந்திக்கும் இடம்

‘சுகர் மாத்திரை’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அவை வெவ்வேறு இடங்களில் வேலை செய்து, வெவ்வேறு வழிகளில் உடலைவிட்டு வெளியேறுபவை. சிறுநீரகத்தோடு அவற்றின் உறவும் அதற்கேற்ப மாறுகிறது.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்கிறது. இரவெல்லாம் கல்லீரல் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும் குளுக்கோஸின் அளவைக் குறைக்கிறது. உடலில் எங்கும் சிதையாமல், விழுங்கிய வடிவத்திலேயே சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. குழப்பத்தின் மையம் இங்குதான் இருக்கிறது. சிறுநீரகம் அதன் வெளிவாசல். வாசல் குறுகினால் மருந்து உள்ளே தேங்கும். தேங்கினால் அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அதன் உறவு மருந்தான ஃபென்ஃபார்மின் இதே காரணத்தால் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அந்தக் கெட்ட பெயரின் நிழல் மெட்ஃபார்மின் மீதும் நெடுநாள் விழுந்திருந்தது. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விதியைத் திருத்தியது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30க்கும் 45க்கும் இடையில் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு 45க்குக் கீழே இறங்கினால் நன்மை தீமையை எடைபோட வேண்டும். மருத்துவர் மெட்ஃபார்மினை நிறுத்துவது இந்தக் கணக்கின்படிதான். சிறுநீரகம் தளர்ந்ததால் மருந்து நிறுத்தப்படுகிறது. மருந்தால் அது தளர்ந்ததில்லை. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12 குறைவை. கால் மதமதப்பை நீரிழிவின் கணக்கில் எழுதிவிட்டு இதைத் தவறவிடுவது எளிது.

கிளிமிபிரைட், கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை சல்ஃபோனைல்யூரியா குடும்பம். 1942இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரில், டைஃபாய்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சல்ஃபா மருந்து நோயாளிகளின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கியது. அந்தத் தற்செயலிலிருந்து வந்தவை இவை. கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றுகின்றன. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தூண்டும். கிளிபென்கிளமைடின் சிதைபொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. அவை வெளியேறுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே தளர்ந்த சிறுநீரகமுள்ள முதியவருக்கு அம்மருந்தால் தாழ்சர்க்கரை மணிக்கணக்கில் நீடிக்கும். இங்கு ஆபத்து மருந்தால் வருவது. ஆனால் அது சிறுநீரகத்துக்கு நேரும் ஆபத்தன்று, மூளைக்கும் உயிருக்கும் நேர்வது.

சிடாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின் போன்றவை உணவு உண்டதும் குடலில் சுரக்கும் இன்சுலின் தூண்டும் ஹார்மோனைச் சிதையாமல் காக்கின்றன. சிடாக்ளிப்டின் பெரும்பாலும் சிறுநீரில் போகிறது. ஆகவே வடிகட்டும் திறன் குறையக் குறைய 100 மில்லிகிராம் 50 ஆகவும், பிறகு 25 ஆகவும் குறைக்கப்படுகிறது. லினாக்ளிப்டின் பித்தநீர் வழியே போவதால் எந்த நிலையிலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஒரே குடும்பத்து இரு மாத்திரைகளுக்கே வெளிவாசல் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும்.

பியோகிளிட்டசோன் தசையும் கொழுப்பும் இன்சுலினுக்கு இணங்குமாறு செய்கிறது. உடலில் நீரைத் தேக்கவும் செய்கிறது. கணுக்கால் வீங்கியதும் ‘கிட்னி போய்விட்டது’ என்று வீடே பதறும். அந்த வீக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு அது இதயச் செயலிழப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் அது சிறுநீரகப் பழுதுக்குச் சான்றாகாது.

வோக்ளிபோஸ் குடலிலேயே நின்று, சோறும் இட்லியும் குளுக்கோஸாக உடையும் வேகத்தைக் குறைக்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இதைக் கிளிமிபிரைடோடு சேர்த்துச் சாப்பிடுபவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாழ்சர்க்கரையால் வியர்த்து நடுங்கும்போது வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் பலன் தாமதமாகும். அந்தச் சர்க்கரை உடைவதையே வோக்ளிபோஸ் தடுக்கிறது. குளுக்கோஸ் பொடியைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. சிறுநீரகம் தளரும்போது போட்ட இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்குகிறது. ஆகவே தேவை குறைகிறது. ‘மருந்தை விட்டேன், சுகரே போயிடுச்சு’ என்ற மூன்றாவது அனுபவத்தின் விளக்கம் பல நேரங்களில் இதுதான். இன்சுலின் தேவை காரணமின்றிக் குறையும் நாளில் கொண்டாடுவதற்கு முன் கிரியேட்டினினைப் பார்க்க வேண்டும்.

5. சிறுநீரகத்தைக் காக்கும் நீரிழிவு மருந்துகள்

இதுவரை பார்த்தவை மாத்திரைகளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றன. கடந்த பத்தாண்டுகளில் வந்த சான்றுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன.

1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போவது பின்னர் தெரிந்தது. நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அனைத்தையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சலில் பெரும்பகுதியைச் செய்யும் புரதத்தைத் தடுப்பவைதான் டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் ஆகியவை. இவற்றின் பயன் சர்க்கரை குறைவதோடு நிற்பதில்லை. நீரிழிவில் சிறுநீரக நுண்குழல் முடிச்சுகளுக்குள் அழுத்தம் கூடி, வடிகட்டி அளவுக்கு மீறி உழைக்கிறது. அந்த அழுத்தத்தை இம்மருந்துகள் தணிக்கின்றன.

கானாகிளிஃப்ளோசினை ஆராய்ந்த 2019 ஆய்வில், நீரிழிவும் ஆல்புமின் கசிவும் உள்ள 4,401 பேர் பங்கேற்றார்கள். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட முக்கிய விளைவுகள் 30 சதவீதம் குறைந்ததால், ஆய்வு முன்கூட்டியே முடிக்கப்பட்டது. டப்பாகிளிஃப்ளோசினை 4,304 பேரிடம் ஆராய்ந்த 2020 ஆய்வில் குறைவு 39 சதவீதம். அதில் நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளும் பயன் பெற்றார்கள். வாரம் ஒருமுறை ஊசியாகப் போடப்படும் செமாகுளுட்டைடு, 2024இல் 3,533 பேரைக் கொண்ட ஆய்வில் 24 சதவீதக் குறைவைக் காட்டியது. இவை விற்பனை நிறுவனங்களின் நிதியால் நடந்த ஆய்வுகள் என்ற எச்சரிக்கை தேவைதான். ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு மருந்துகள், வெவ்வேறு நாட்டு நோயாளிகளிடம் ஒரே திசையில் முடிவு காட்டியிருப்பது அந்த ஐயத்தின் எடையைக் குறைக்கிறது.

இங்கும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கிளிஃப்ளோசின் வகை மாத்திரையைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் சற்றே ஏறும். உள்ளழுத்தம் தணிவதன் அடையாளம் அது. பிறகு நிலைபெற்று, நீண்ட காலத்தில் சரிவின் வேகம் குறைகிறது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அடுத்த பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். பழைய நம்பிக்கைக்குப் புதிய ஆதாரமும் கிடைத்துவிடும்.

இந்த மாத்திரைகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, நீரிழப்பு, சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அரிய நிலை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வாந்தி, பேதி, பட்டினி உள்ள நாட்களில் இவற்றையும் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. விலை ஒரு காலத்தில் பெரும் தடையாக இருந்தது. இந்தியாவில் டப்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025இலும் முடிந்த பிறகு விலை பெரிதும் இறங்கியிருக்கிறது.

6. அச்சத்தில் உள்ள உண்மை

மருந்தால் சிறுநீரகம் கெடும் என்பது முற்றிலும் பொய்யன்று. விரல் நீளும் திசைதான் தவறு. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ரத்த அழுத்த மருந்தும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் நீரிழிவு நோயாளி இவற்றையும் சேர்த்துக்கொண்டால், சிறுநீரகம் திடீரெனத் தளரலாம். மெட்ஃபார்மினுக்கு அஞ்சி அதைத் தள்ளிவைத்தவரே, கால்வலி மாத்திரையைத் தயங்காமல் போடுவதை நாம் பார்க்கிறோம்.

‘கிட்னிக்குப் பாதுகாப்பானது’ என்ற நம்பிக்கையில், உள்ளடக்கம் எழுதப்படாத பொடிகளுக்கும் சூரணங்களுக்கும் மாறுவது அடுத்த ஆபத்து. பாரம்பரிய மருந்துகளை உட்கொண்ட சிலருக்கு ஏற்பட்ட ஒருவகைப் புரதக் கசிவு நோயைச் சென்னை நோய்க்கூற்றியல் ஆய்வாளர்கள் 2022இல் விவரித்தார்கள். அம்மருந்துகளில் பாதரசம் போன்ற உலோகங்களின் பங்கு ஐயத்துக்குள்ளானது. இதைக் கொண்டு சித்த மருத்துவம் முழுவதையும் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும், எந்த மருத்துவமுறையின் பெயரில் வந்தாலும், ஆண்டுக்கணக்கில் விழுங்கக் கூடாது என்பதே பாடம்.

7. முடிவு: கேள்வியை மாற்றுதல்

மருத்துவர் சொன்ன விதிகளின்படி எடுத்துக்கொள்ளப்படும் வழக்கமான நீரிழிவு மாத்திரைகள் சிறுநீரகப் பழுதுக்குக் காரணம் என்ற நம்பிக்கையைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமுமே முதன்மைக் காரணங்கள். எனினும் நோயாளியின் அச்சத்துக்குள் ஒரு நியாயமான கேள்வி புதைந்திருக்கிறது. இன்றைய நிலையில் என் சிறுநீரகத்துக்கு இந்த மருந்து, இந்த அளவு பொருந்துமா? இதற்குப் பதில் சொல்லும் கடமை மருத்துவத்துக்கு உண்டு. “நிறுத்திடுங்க” என்பதோடு நின்றுவிடாமல், ஏன் என்று இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால், இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்காது.

பதிலுக்குத் தேவையானவை இரண்டு பரிசோதனைகள். ஒன்று, ரத்தக் கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் திறன். கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1.2 என்ற ஒரே எண், 30 வயது ஆணுக்கு 80க்கு மேற்பட்ட திறனையும், 70 வயதுப் பெண்ணுக்கு 50க்குச் சற்றுக் குறைந்த திறனையும் குறிக்கும். இரண்டு, சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். அது 30க்கு மேல் தொடர்ந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்கள் நோய் கண்டறிந்த நாளிலேயே இவ்விரண்டையும் பார்த்து, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

பெரியம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். வடிகட்டும் திறன் 62 இருந்தது. ஆல்புமின் கசியத் தொடங்கியிருந்தது. மெட்ஃபார்மினைத் தொடரச் சொல்லி, டப்பாகிளிஃப்ளோசினையும் சேர்த்த மருத்துவர், 45 என்ற எண்ணைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வட்டமிட்டார். “இதுக்குக் கீழே வந்தா நானே குறைச்சிடுவேன்மா. அதுவரைக்கும் பயப்படாம சாப்பிடுங்க” என்றார். பெரியம்மா அந்தச் சீட்டை இருமுறை படித்துவிட்டு, “இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே” என்றார்.

நீரிழிவு நோயாளிகளின் கையில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று இருக்கும். அதில் வடிகட்டும் திறனுக்கு ஒரு கட்டம், ஆல்புமினுக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு மாத்திரையின் எதிரிலும் எந்த எண் வரை அது தொடரலாம் என்பதற்கு ஒரு கட்டம் சேர்ந்தால், அடுத்த முறை அளவு குறைக்கப்படும்போது அதன் காரணம் நோயாளியின் கையிலேயே எழுதப்பட்டிருக்கும்.